வலிக்கிற காலுக்கு ஏன் வேலை கொடுக்கச் சொல்கிறார்கள்?

எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது, மொத்தம் 18 படிகள். அம்மாவுக்கு 63 வயதில் முட்டி வலி ஆரம்பித்தது. ஏறும்போது எப்படியோ ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் பாடு. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போவார். எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். படி ஏற வேண்டாம், கீழே உட்கார வேண்டாம், கோலம் வேண்டாம், காய்கறி நான் வாங்கி வருகிறேன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினோம். இப்படியே ஒன்றரை வருடம் போனது. வலி குறையவில்லை. முன்பு வலிக்காத வேலைகளும் வலிக்க ஆரம்பித்தன, சோபாவிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியிருந்தது.

அப்புறம்தான் பிசியோதெரபிக்குப் போனோம். அங்கிருந்த பெண் அம்மாவின் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், எக்ஸ்ரேயை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அம்மா, உங்க முட்டியை விடத் தொடைதான் ரொம்ப சோர்ந்துபோயிருக்கு" என்று சொல்லி, கையை ஊன்றாமல் நாற்காலியில் 8 முறை உட்கார்ந்து எழச் சொன்னார். கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் 8. ஆட்டோவில் திரும்பி வரும்போது அம்மா கேட்டார்: "வலிக்கிற காலுக்கே வேலை குடுக்கச் சொல்றாளே, இது சரியா வருமாப்பா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு படித்ததும், அந்தப் பிசியோவிடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதும், என் சொந்தக் குதிகால் கற்றுக்கொடுத்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை. புதிதாகப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன், இரண்டே இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும்: சுமை, தாங்குதிறன்.

முதல்முறை மண்வெட்டி பிடித்து ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் உள்ளங்கை என்னாகும்? கொப்புளம் போட்டுவிடும். அதே மண்வெட்டியை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று சில வாரம் பிடித்தால் அதே இடத்தில் காய்ப்பு வரும், அப்புறம் நாள் முழுக்கப் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. கொப்புளம் போட்டதும் காய்ப்பு கொடுத்ததும் ஒரே உராய்வுதான். எவ்வளவு, எத்தனை நாளில் என்பது மட்டும் மாறியது. இன்னொன்றையும் கவனியுங்கள், மண்வெட்டியைத் தொடாமல் ஆறு மாதம் இருந்தால் காய்ப்பு போய்விடும், கை பழையபடி மென்மையாகிவிடும்.

தசை, எலும்பு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் தசைநார் எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கின்றன. நீங்கள் செய்யும் வேலை உடம்பின் மேல் வைப்பது சுமை. உடம்பு அலுங்காமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு தாங்குதிறன். சுமை தாங்குதிறனை மிகவும் தாண்டினால் காயம். சற்றே தாண்டி, பிறகு ஓய்வும் சாப்பாடும் தூக்கமும் கிடைத்தால் தாங்குதிறன் கூடுகிறது. சுமையே இல்லாவிட்டால் தாங்குதிறன் இறங்குகிறது. அம்மாவுக்கு நாங்கள் செய்தது இந்த மூன்றாவது காரியம். ஒவ்வொரு வேலையாக நிறுத்த நிறுத்தத் தொடை இளைத்தது, தொடை இளைக்க இளைக்க மிச்சமிருந்த சின்ன வேலைகளே பெரிய சுமையாகிவிட்டன.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள விடாமல் தடுக்கும் ஒரு சொல் இருக்கிறது, அதுதான் "தேய்மானம்". அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸ்கூட்டர் டயர்தான் ஞாபகம் வரும், ஓட்ட ஓட்டத் தேயும், நிறுத்தி வைத்தால் மிச்சமாகும். முட்டி டயர் அல்ல, உயிருள்ள பொருள். மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது, நாம் நடந்து, மடக்கி, அழுத்தி விடும்போது மூட்டுக்குள் இருக்கும் திரவம் அதற்குள் போய் வந்துதான் அதற்குச் சத்து கிடைக்கிறது. எலும்பும் தன்மேல் விழும் சுமைக்கு ஏற்ப உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். விண்வெளியில் மாதக்கணக்கில் எடையின்றி மிதப்பவர்களுக்கு எலும்பும் தசையும் கரைவதும், அதைத் தடுக்க அவர்கள் தினமும் அங்கேயே உடற்பயிற்சி செய்வதும் இதனால்தான்.

படி இறங்குவது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கும் பதில் இருக்கிறது. உள்ளே அளவுமானி பொருத்திய செயற்கை முட்டி வைத்தவர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். படி இறங்கும்போது முட்டியில் விழும் விசை உடல் எடையைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 220 கிலோவுக்கு மேல். இறங்கும்போது அந்த எடையை மெதுவாக விட்டுக்கொடுத்துப் பிடித்து இறக்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது வலுவாக இருந்தால் இறக்கம் பதமாக இருக்கும், சோர்ந்துபோயிருந்தால் ஒவ்வொரு படியிலும் கால் 'தொம்' என்று விழும். அம்மா இறங்கும் சத்தம் எங்களுக்கு உள்ளே வரை கேட்கும், அது எதன் சத்தம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வலிக்கிற உறுப்புக்குக் கனமான வேலை கொடுப்பது புதிய யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் முட்டி அறுவைக்குப் பிறகு தொடை இளைத்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். லேசான எடையைப் பலமுறை தூக்குவதுதான் அப்போதைய வழக்கம். சிகாகோவில் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்த தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் அதைத் தலைகீழாக்கினார். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு எடை தூக்கித் தன் உடம்பைத் தேற்றியவர் அவர். காலில் இரும்புப் பூட்ஸ் மாட்டி, தூக்க முடிகிற அதிகபட்சத்துக்கு அருகில் எடை வைத்து, தேறத் தேற எடையைக் கூட்டினார். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார், 1948-ல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து அளவைக் குறைத்து 10 முறை வீதம் 3 சுற்று போதும் என்றார். இன்றைக்கு எந்த ஜிம்முக்குப் போனாலும் காதில் விழும் "மூணு செட், பத்து ரெப்ஸ்" ஒரு ஆஸ்பத்திரி வார்டில் பிறந்தது. பிசியோதெரபியும் எடைப் பயிற்சியும் இரண்டு வேறு உலகம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன், இரண்டும் ஒரே சாலை, எந்தக் கிலோமீட்டரில் நிற்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

சரி, அப்படியானால் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு ஏன் அடிபடுகிறது? இங்கேதான் என் கதை வருகிறது. கொரோனா காலத்தில் விட்டுப்போன ஷட்டில் ஆட்டத்தை இரண்டு வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்கியது, மூன்றாவது வாரத்திலிருந்து உடம்பு பழகிவிட்டது போலத் தோன்றியது, வாரத்துக்கு இரண்டு நாளை ஐந்து நாளாக்கினேன். ஆறாவது வாரம் ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், கயிறு இறுகின மாதிரி ஒரு வலி. பத்து அடி நடந்ததும் குறைந்துவிட்டது. குறைந்துவிட்டதே என்று அன்று மாலையும் ஆடினேன், மறுநாள் முதல் இருபது அடியும் வலித்தது.

அந்த இடத்தில் இருப்பதைக் குதிகால் நரம்பு என்பார்கள், உண்மையில் அது நரம்பு இல்லை, கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டும் தசைநாண். நான் தெரிந்துகொள்ளாமல் விட்டது என்னவென்றால், உடம்பின் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரத்திலேயே பழகும். தசையில் முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு சதை வளர்வதால் வருவதில்லை, இருக்கிற சதையை மூளையும் நரம்பும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசைநாண் மெதுவானது, அதில் ரத்த ஓட்டம் குறைவு, அது திடமாக மாதக்கணக்கு ஆகும். அதனால் மூன்றாவது நான்காவது வாரத்தில் "இப்போ நல்லா இருக்கு" என்று மூச்சு சொல்லும், கால் சொல்லும், தசைநாண் மட்டும் பின்தங்கி நிற்கும். அதை விட்டுவிட்டு நாம் ஓடிவிடுகிறோம். புத்தாண்டுக்கு ஓட்டம் ஆரம்பிப்பவர்கள் பிப்ரவரியில் நொண்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

தசைநாணுக்கு என்ன மருந்து என்றால், மறுபடியும் சுமைதான். ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃபிரட்சன் என்ற மருத்துவர் இந்தக் குதிகால் வலியால் ஓட முடியாமல் கிடந்த, மற்ற சிகிச்சைகள் பலிக்காத 15 பேரைப் படிக்கட்டின் விளிம்பில் நிற்கவைத்தார். முன்பாதம் மட்டும் படியில், குதிகால் வெளியே தொங்கும். நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கிற காலால் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முட்டி நீட்டி 15 முறை 3 சுற்று, மடக்கி 15 முறை 3 சுற்று, காலை மாலை இரு வேளை, அதாவது நாளுக்கு 180 முறை, 12 வாரம். வலித்தாலும் தாங்கும் அளவென்றால் தொடரச் சொன்னார், எளிதானதும் முதுகுப்பையில் எடை ஏற்றச் சொன்னார். 15 பேரும் பழையபடி ஓட்டத்துக்குத் திரும்பினார்கள் என்று 1998-ல் வெளியிட்டார். சின்ன ஆய்வுதான், ஆனால் அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் அதே திசையில்தான் போயின. வாரம் மூன்று நாள் கனமான எடையோடு மெதுவாகக் குதிகால் தூக்கி இறக்குவதும் அதே பலனைத் தருவதாகக் கண்டார்கள். நான் இந்த இரண்டாவதைத்தான் செய்தேன், மேலே ஏற 3 விநாடி, இறங்க 3 விநாடி. நான்கு மாதம் ஆனது. (வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் எலும்போடு ஒட்டும் இடத்தில் இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே தொங்கவிட வேண்டாம், தரையில் நின்றே செய்யுங்கள், என்று எனக்குச் சொல்லப்பட்டது.)

வலியோடு பயிற்சி செய்யலாமா என்பதுதான் எல்லோருக்கும் வரும் பயம், அம்மாவுக்கும் அதுதான். இதற்குப் பிசியோக்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. செய்யும்போது 3 வரை தாராளம், 4, 5 வரை கவனத்தோடு சரி, அதற்கு மேல் போனால் எடையைக் குறை, இல்லை எண்ணிக்கையைக் குறை, இல்லை மடக்கும் ஆழத்தைக் குறை. அதை விட முக்கியமானது மறுநாள் காலை. தூங்கி எழும்போது வலி பழைய நிலைக்கு வந்துவிட்டிருந்தால் நேற்றைய அளவு சரியான அளவு. வீங்கியிருந்தாலோ நேற்றை விட அதிகமாக வலித்தாலோ அளவு மிஞ்சிவிட்டது, அடுத்த முறை ஒரு படி கீழே. பயிற்சியையே விட்டுவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஸ்கேன் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களைப் படுக்க வைப்பதில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு", "டிஸ்க் விலகியிருக்கு" என்று கேட்ட நாளிலிருந்து குனியவே பயப்படுகிறவர்கள் எத்தனை பேர்! அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வெளியானது. முட்டி ஜவ்வு (இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருப்பது) கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் எந்த முட்டி வலியும் இல்லை. முதுகும் அப்படித்தான், வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்ந்த அடையாளம் தெரிகிறது என்று 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். தலை நரைப்பது போல உள்ளேயும் நரைக்கும். ஸ்கேன் தேவைப்படும் நேரம் கண்டிப்பாக உண்டு, ஆனால் படத்தில் இருப்பதும் உங்கள் வலியும் ஒன்றுதானா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயப்படுங்கள்.

பிசியோதெரபி என்றால் "கரண்ட் வைக்கிறது" என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். மெஷின் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் படுத்திருப்பது, கொஞ்சம் ஒத்தடம், வீட்டுக்கு வருவது. அம்மாவுக்கு முதலில் வேறொரு இடத்தில் பத்து நாள் அதுதான் நடந்தது, படுத்திருக்கும்போது இதமாக இருக்கும், மாலைக்குள் பழைய வலி. அந்த இதத்தை நான் குறை சொல்லவில்லை, வலி குறைந்தால்தான் பயிற்சி செய்ய முடியும். ஆனால் கரண்ட் தொடையில் சதை போட்டுத் தராது. எந்தப் பிசியோவிடம் போனாலும் "வீட்டில் நான் என்ன செய்யணும், எத்தனை தடவை, எப்போ கூட்டணும்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர்தான் நல்ல பிசியோ.

புதிதாகச் சுளுக்கிக்கொண்ட காலுக்கும் நீண்ட ஓய்வு தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதமாக்கலாம் என்று பிற்பாடு அவரே மாற்றிச் சொன்னார். ஓரிரு நாள் காப்பாற்றிவிட்டு, வலி விடும் அளவுக்கு மெதுவாக அசைத்து நடக்க ஆரம்பிப்பதுதான் இப்போதைய வழி.

இப்போது அம்மாவின் பயிற்சிக்கு வருகிறேன், ஏனென்றால் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கைப்பிடி இல்லாத, திடமான நாற்காலி, பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். உயரம் போதாவிட்டால் தலையணையோ மடித்த போர்வையோ போடுங்கள். நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதத்தை முட்டிக்குச் சற்று உள்ளே இழுத்து, மூக்கு கால் பெருவிரலுக்கு மேலே வரும் வரை முன்னால் சாய்ந்து, அப்படியே எழ வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே எழ முயன்றால் வராது, எங்கள் அம்மா முதல் வாரம் முழுக்க அங்கேதான் தவித்தார். எழும்போது மூச்சை விடுங்கள், அடக்க வேண்டாம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. இறங்கும்போது மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, பொத்தென்று விழாமல் உட்கார வேண்டும். பலம் சேர்வதில் இந்த மெதுவான இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, படி இறங்கத் தேவைப்படுவதும் இதே தசை இதே விதமாக வேலை செய்வதுதான்.

எத்தனை முறை? "இன்னும் இரண்டு முறை முடியும், மூன்றாவது முடியாது" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அது சிலருக்கு 6, சிலருக்கு 12. இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி, மொத்தம் 3 சுற்று, வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. எல்லாச் சுற்றும் இரண்டு தடவை சுலபமாக முடிந்தால் ஒன்றே ஒன்றைக் கூட்டுங்கள். தலையணையை எடுத்துவிடலாம், அல்லது 2 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம், அப்புறம் 5 லிட்டர் தண்ணீர் கேன், அப்புறம் சின்ன முக்காலி. இந்தக் கூட்டும் பகுதியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், ஆறு மாதமாக அதே நாற்காலி, அதே பத்து முறை. பழகிய சுமை உடம்புக்குச் செய்தியே சொல்லாது. இன்னொரு பக்கம், ஒரே வாரத்தில் எடையையும் எண்ணிக்கையையும் நாட்களையும் சேர்த்துக் கூட்டுகிறவர்கள் என்னைப் போல நொண்டுவார்கள்.

முட்டி வலி இல்லாதவர்கள் நேராகத் தோப்புக்கரணத்துக்கே போகலாம், பிள்ளையார் முன்னால் சின்ன வயதில் போட்டதுதான். நம் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இருந்தன, அங்கே போனவர்களுக்கு இந்தச் "சிறுகச் சிறுகக் கூட்டு" என்பதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது, கட்டையின் எடையே படிப்படியாகத்தான் ஏறும்.

காலை மட்டும் பார்த்தால் போதாது, உடம்பு நாளெல்லாம் செய்யும் அசைவுகளை ஒவ்வொன்றாகப் பலப்படுத்த வேண்டும். தள்ளுவதற்குச் சுவரில் கை வைத்துத் தண்டால், அது சுலபமானதும் சமையல் மேடையில், அப்புறம் தரையில். இழுப்பதற்கு ஜன்னல் கம்பியில் மாட்டிய ரப்பர் பட்டை. குனிந்து தூக்குவதற்கு, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை விறைப்பாக வைத்துப் பையைத் தூக்கி வைப்பது. சுமப்பதற்கு, இரண்டு கையிலும் சமமான எடையோடு வீட்டுக்குள் நடப்பது, ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நடந்த பாட்டிமார்களுக்கு இது பயிற்சியாகவே தோன்றியிருக்காது. கூடவே குதிகால் தூக்குதல். மொத்தம் அரை மணி நேரம்தான் ஆகும்.

இதற்கெல்லாம் வயதாகிவிட்டது என்று சொல்பவர்களுக்காக ஒரு ஆய்வு. 1990-ல் பாஸ்டனில் முதியோர் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் 8 வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைச் சதையின் அளவு 9 சதவீதம் கூடியது. இவர்கள் நூறைத் தொடப்போகிறவர்கள்! முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை சதை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. சும்மா இருந்தால் இறங்கிக்கொண்டே போகும் இந்தக் கணக்கைத் தொண்ணூறிலும் திருப்ப முடிகிறது என்பதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது, அம்மாவின் ஒன்றரை வருடத்தை நாங்கள் வீணாக்கினோமே என்று.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றைக்கே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கையை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள், பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14-க்குக் கீழே, பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் கூடுதல் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அட்டவணை சொல்கிறது. 70 முதல் 74 வயதில் அது ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. அம்மா முதல் நாள் 6. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கொடுத்த பரிந்துரையில் வாரம் 150 முதல் 300 நிமிட நடை போன்றவற்றோடு 2 நாளாவது தசைப் பயிற்சி என்று இருக்கிறது, 65-க்கு மேல் வாரம் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து. நம் ஊரில் "டெய்லி வாக்கிங் போறேன்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். நடை நல்லது, ஆனால் நடையால் தொடையில் பெரிதாகப் பலம் ஏறாது. சமநிலைக்குச் சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

விளையாடுகிறவர்களுக்கு: ஸ்ட்ரெச்சிங் செய்துவிட்டால் அடிபடாது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 25 ஆய்வுகளை, 26,000 பேருக்கு மேல், சேர்த்துப் பார்த்து 2014-ல் வந்த தொகுப்பில் தசைப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்திருந்தது, ஸ்ட்ரெச்சிங்கால் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. கால்பந்து ஆடும் பிள்ளைகள் இருந்தால் ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்அப்பைத் தேடிப் பாருங்கள், ஓட்டம், குதித்து இறங்குதல், முட்டி போட்டு உடம்பை முன்னால் மெதுவாக இறக்கும் பின்தொடைப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு, இலவசம்.

சாப்பாட்டில் புரதத்தை மட்டும் கவனியுங்கள். மூன்று வேளையும் இட்லி, சாதம், தோசை என்று போனால் சதை கட்டப் பொருள் இருக்காது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. சுண்டல், பருப்பு, தயிர், மீன் எது ஒத்துக்கொள்கிறதோ அதை ஒவ்வொரு வேளையிலும் சேருங்கள், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

சில வலிகளுக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி கூட வைக்க முடியாவிட்டால், மூட்டு சூடாகச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், முட்டி மடங்கியபடியே பூட்டிக்கொண்டால், கெண்டைச் சதை ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், படுத்தாலும் விடாத இரவு வலியோடு எடையும் குறைந்துகொண்டே போனால். முதுகு வலியோடு தொடையிடுக்கில் மரத்துப்போவதோ சிறுநீர் கட்டுப்பாடு போவதோ இருந்தால் அன்றைக்கே, அவசரப் பிரிவுக்கு. நெஞ்சு வலியோ மயக்கமோ வருபவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதுகிறார். முதல் தாளில் "நாற்காலி 8, 8, 5. வலி 4" என்று இருக்கிறது. ஆறாவது வாரத்தில் தலையணை போனது, பத்தாவது வாரம் அரிசிப் பை வந்தது. நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நின்றுகொண்டே இருந்து முட்டி வீங்கி ஒரு வாரம் பழைய அளவுக்குத் திரும்பினார், அதையும் எழுதியிருக்கிறார். எட்டாவது மாதமான இப்போது 30 விநாடியில் 13. படி இறங்கும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்கிறது, ஆனால் படிக்கு ஒரு கால்தான், அந்தத் தொம் சத்தமும் இல்லை. போன வாரத் தாளில் "முக்காலி 6, 6, 6. வலி 2" என்று எழுதி, கீழே இன்னொரு வரி: "மார்கழிக்குள்ள தரையில உக்காரணும்."